தூணில் அடைத்த துளை

பஞ்சு மில் முதலாளி சென்னியப்பனோடு மாரடிக்க யாரால் முடியும்? புது மில்லின் தூண்கள் இரும்புக் குழாய்கள், உள்ளே கான்கிரீட். தீப்பிடித்தால் கான்கிரீட்டின் ஈரம் ஆவியாகிக் குழாயைப் பிளக்கும், தூண் பலமிழக்கும் என்றுதான் இன்ஜினியர் அவற்றில் துளை விட்டிருந்தார். "பாக்க அசிங்கமா இருக்குது" என்று வெல்டரை வைத்து அத்தனையையும் அடைத்துவிட்டார் முதலாளி. சொல்லிச் சொல்லி இன்ஜினியருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மதியம் முதலாளி சாப்பிட உட்கார்ந்தார். சமையல்கார வேலாத்தாள் பக்கத்து அடுப்பில் குக்கரைத் தூக்கி வைத்தாள்.

"விசில் துளை அசிங்கமா இருந்துச்சுங்க. அடைச்சுட்டேன்."

முதலாளி இலையை விட்டு எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டார். "அடுப்ப அணை! வெடிச்சுரும்!"

"அடுப்பு இன்னும் பத்த வெக்கலீங்க மொதலாளி" என்றாள் வேலாத்தாள். "மில்லும் இன்னும் பத்திக்கலீங்க."