கால் படாத ஆட்டம்

"சாமி, கோடு தாண்டாம சடுகுடு ஆடறது எப்படி?"

கேட்டவன் இடும்பன். கொன்றை நாட்டு அணியின் தலைவன், உடம்பு நெற்குதிர் மாதிரி. குருவோ அவனைவிடப் பத்து வயது இளையவர், ஈர்க்குச்சி. பனங்கிழங்கில் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"தாண்டினா என்ன?"

"தலை போயிடும்."

வருடாவருடம் கொன்றை நாடும் பக்கத்துத் தேக்கு நாடும் எல்லையில் சடுகுடு ஆடும். ஆடுகளத்தின் நடுக்கோடுதான் எல்லைக்கோடு. இந்த வருடம் பார்த்து இரண்டு அரசர்களுக்கும் மனத்தாங்கல். ஏதோ விருந்தில் பாயசம் ஆறிப்போயிருந்ததாம், அவ்வளவுதான்.

கொன்றை அரசர் பறையறைந்துவிட்டார். நம் ஆள் கால் அவர்கள் மண்ணில் படக்கூடாது, அவர்கள் கால் நம் மண்ணில் படக்கூடாது. ஆட்டத்தில் மட்டும் ஜெயித்தாக வேண்டும்.

"இதுல அந்தப் பக்கத் தலைவன் கூத்தன் என் சிநேகிதன் வேற, சாமி. போன வருஷம் எனக்குக் கால் பிசகினப்போ வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தவன்."



குரு எழுந்து ஓடைக்கரைக்கு நடந்தார். ஓடையில் முழங்கால் அளவு சேறு.

"அக்கரைக்குப் போகணும். தூக்கு."

தூக்கிக்கொண்டு போனான். அக்கரை வந்ததும், "திரும்பு" என்றார். திரும்பினான்.

"யார் கால்ல சேறு?"

"என் கால்ல."

"என் கால்ல?"

இடும்பன் குனிந்து பார்த்தான். பார்த்தவன் வாயைப் பிளந்தான். அடுத்த நொடியே முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ சாமி! நான் பாடிப் போயி, அவங்க என்னைத் தூக்கி, மூச்சு அறுறதுக்குள்ள திருப்பி விட்டா, தொட்டவங்க எல்லாரும் வெளியே. விடாம பிடிச்சுக்கிட்டா நான் வெளியே. யாராவது விடுவானா?"

"அது உனக்கும் கூத்தனுக்கும் உள்ள விஷயம்" என்று குரு கிழங்கைக் கடித்தார்.

ஆட்ட நாள் வந்தது. யார் கால் எங்கே படுகிறது என்று பார்க்க, கொன்றை மந்திரி கோட்டருகே கன்னத்தை மண்ணில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இடும்பன் பாடிக்கொண்டே கோடு வரை போனான். நின்றான். தூக்கச் சொல்லும் குழந்தைபோல் இரண்டு கையையும் நீட்டினான்.

பாட்டை நிறுத்தி விளக்க முடியாது. கண்ணாலேயே கெஞ்சினான்.

கூத்தன் அவனைப் பார்த்தான். படுத்திருந்த மந்திரியைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே வந்து தூக்கினான். தூக்கியவன் கனம் தாங்காமல் தள்ளாட, மற்ற ஆறு பேரும் ஓடிவந்து தாங்கினார்கள்.

"பிடிங்கடா! விடாதீங்க!" என்று தேக்கு அரசர் எழுந்து கத்தினார்.

இடும்பனின் பாட்டு கொசுவின் ரீங்காரமாகத் தேய்ந்தது. போய்விடப்போகும் தலையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது சொந்த மண்ணில் நின்றிருந்தான். ஏழு பேரும் வெளியே.

"என்னடா தின்னு தொலைக்கிறே?" என்று கூத்தன் வேர்வையைத் துடைத்தான்.

இரண்டாவது சுற்று. இப்போது பாடி வந்தவன் கூத்தன். கோட்டில் நின்று இரண்டு கையையும் நீட்டினான்.

இடும்பனும் அவன் ஆட்களும் தூக்கினார்கள்.

"பிடிடா! மூச்சு அறுற வரைக்கும் விடாதே! விட்டே, தலை இருக்காது!" இது கொன்றை அரசர்.

இடும்பன் கூட்டத்தில் குருவைத் தேடினான். அவர் அடுத்த கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கூத்தனின் குரல் கம்மியது. அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, இடும்பனையே பார்த்தான்.

இடும்பன் அவனைச் சுமந்துபோய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பதமாக இறக்கிவிட்டான்.

ஆட்டம் சமன். கொன்றை அரசர் வாளோடு இறங்கி வந்தார்.

"கையில சிக்கினவனை ஏண்டா கொண்டுபோய் விட்டே?"

"வேற என்ன பண்றது அரசே? பாட்டு அறுந்தா அவனை இறக்கித்தானே ஆகணும்? இங்கே இறக்கினா அவன் கால் நம்ம மண்ணுல பட்டுடுமே. உங்க ஆணையாச்சே."

அரசர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கன்னத்து மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு காலும் படலே, பிரபு. இந்தப் பக்கமும் படலே, அந்தப் பக்கமும் படலே."

அரசர் வாளை உறையில் செருகினார்.

அதற்குள் எதிர்ப்பக்கம் தேக்கு அரசர் தொப்பையைச் சுமந்துகொண்டு மெல்லக் கோடு வரை வந்துவிட்டார். கொன்றை அரசரைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.