இடது இறக்கை

குரு என்றால் நரைத்த தாடியோடு இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு வாய்த்தவர் என்னைவிடப் பதினொரு வயது சின்னவர். பெயர் மங்கையர்க்கரசி, பூச்சியியல் பேராசிரியர். நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, முப்பத்தொன்பது வயதில் அவரிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தவன். அவர் என்னைச் சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உயிரைத்தான் எடுத்தார்.

என்னிடம் இருந்தது புளியங்கொட்டை அளவு அம்பர். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மரத்தில் வழிந்த பிசின், இறுகிக் கல்லாகிவிட்டது. உள்ளே ஒரு கல்ஈ. ஓடைக் கற்களுக்கு அடியில் வளருகிற பூச்சி அது. அதன் வலது முன் இறக்கை நுனியில் ஒரு குறுக்கு நரம்பு கூடுதலாக ஓடியது. எந்தக் கல்ஈக்கும் அப்படி ஒன்று இருப்பதாகப் புத்தகத்தில் இல்லை. அப்படியானால் இது வெறும் புது இனமல்ல, அதற்கும் மேலே ஒரு புதுப் பேரினம்தானே? பெயர்கூடத் தயார். என் மகள் ஜெமிமாவின் பெயரில், ஜெமிமோபெர்லா. ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லியாயிற்று.

"மேடம், இது புதுப் பேரினமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வரைஞ்சுட்டு வாங்க சார்."

நாலு மாதத்தில் பதினான்கு முறை வரைந்தேன். பதினான்கு முறையும் இதே பதில். முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. ஏழு வருஷம் போச்சு. வீட்டிலோ, "ஜெமிமா கல்யாணத்துக்குள்ளயாவது அந்த ஈக்குப் பேர் வச்சிருவீங்களா?" என்று மனைவி கேட்கிறாள்.

பதினைந்தாவது படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இடது இறக்கையை எப்படிப் பார்த்தீங்க?"

அந்தப் பக்கம் முழுக்கப் பாலாடை மாதிரி வெள்ளைப் படலம். எந்த வெளிச்சத்தில் வைத்தாலும் ஒன்றும் தெரியாது. டிரேசிங் பேப்பரில் வலது இறக்கையை எடுத்து, திருப்பிப் போட்டு வரைந்திருந்தேன்.

"வலது மாதிரிதானே மேடம் இருக்கும்?"

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். உள்ளே ஸ்பிரிட்டில் செத்த கல்ஈக்கள்.

"போன வருஷம் மலை ஓடையில பிடிச்சது. இருபது இருக்கு, இருபதும் ஒரே இனம். எல்லாத்துக்கும் ரெண்டு முன் இறக்கையும் வரைஞ்சுட்டு வாங்க."

"மேடம், இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு!"

"தெரியும் சார்."

நான் கேட்டது ஒரு ஈயைப் பற்றி. கையில் கொடுத்தது இருபது ஈ. பாட்டிலைச் சுவரில் அடித்திருப்பேன், பேராசிரியர் அறை என்பதால் விட்டேன்.

வரைந்தேன். முதல் இரண்டில் வம்பில்லை. மூன்றாவது ஈயின் வலது இறக்கையில் ஒரு நரம்பு கூடுதல், இடதில் இல்லை. லென்ஸைத் துடைத்தேன், என் கண்ணாடியையும் துடைத்தேன். அப்போதும் இல்லை. ஏழாவதில் அப்படியே தலைகீழ். பதினாறாவதில் வந்து நின்றது பாருங்கள், என் நரம்பு! வலது இறக்கை நுனியில், அதே இடத்தில், ஜெமிமோபெர்லாவின் நரம்பு. இடது இறக்கையில் சுத்தமாக ஒன்றுமில்லை. போயும் போயும் ஒரு சாதாரண ஓடை ஈக்கு!

பதினொன்றாம் நாள் நாற்பது படங்களையும் மேடத்தின் மேசையில் வைத்தேன். வைத்தேன் என்ன, எறிந்தேன்.

"ஒன்பது ஈயில ரெண்டு இறக்கையும் ஒத்துப்போகல. இது முதல்லயே உங்களுக்குத் தெரியும். என் நரம்பு ஆதாரமா நிக்காதுன்னும் தெரியும். எதுக்கு மேடம் என்னை நாலு மாசம் அலைய விட்டீங்க?"

"இறக்கை மாறும்னு தெரியும். உங்க நரம்பு நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது சார்."

"தெரியாதா!"

"இந்த இருபதுல ஒண்ணுலகூட அந்த நரம்பு வராம இருந்திருந்தா, ஜெமிமா பேரை வைக்க நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். என் பதினைந்தாவது படத்தை எடுத்து, இடது இறக்கையை ரப்பரால் அழித்தேன். வெறுமையாகிப் போன அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். மேலே ஜெமிமோபெர்லா என்ற பெயர் இருந்தது. அதை அடிக்கத்தான் கை வரவில்லை. ஒருவழியாக அடித்தேன்.

மேடம் தாளைத் தன் பக்கம் இழுத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நாலு மாதத்தில் முதல் கையெழுத்து.

"முப்பதாம் தேதி கொடுத்துருங்க சார்."

அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"கடைசியா கேக்கிறேன் மேடம். இது புதுப் பேரினமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார். படத்தின் இடது பக்கத்தில் விரலை வைத்தார்.

"நீங்களே எழுதிட்டீங்களே, சார்."