அரண்மனை அடுப்படிக்கு ஆள் தேவை

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றையூர் நாட்டைத் தீரசேனன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். நரை என்றால் மட்டும் ஆகாது. கண்ணாடியில் ஒரு வெள்ளை முடி தெரிந்துவிட்டால், கண்ணாடியைத் துடைத்தவனுக்குக் கசையடி.

இந்தக் கோணல் புத்திக்கு ஆமாம் போட்டே பிழைத்தவர் சிங்காரப்பூபதி. அரண்மனை வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் அவர் கையில். "சத்திரத்தில் எங்கு பார்த்தாலும் நரைத்த தலைகள், மகாராஜா" என்று அவர் ஓதியதில், ராஜா சத்திரத்தையே இழுத்து மூடினார். அங்கே முப்பத்தைந்து வருஷம் ஆக்கிப்போட்ட வடிவாம்பாள் ஐம்பத்தெட்டு வயதில் தெருவுக்கு வந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு வாரத்துக்கு அரிசி இருந்தது.

அந்த வாரமே தண்டோரா போட்டார்கள். "அரண்மனைச் சமையலுக்குத் தலைமை ஆள் தேவை! வயது இருபத்தைந்துக்கு மேல் கூடாது! அடுப்படி அனுபவம் இருபது வருஷத்துக்குக் குறையக் கூடாது!"

ஐந்து வயதில் கரண்டி பிடித்த பிள்ளைகள் நாட்டில் மலிந்து கிடப்பதாகப் பூபதிக்கு எண்ணம் போலும். அவருடைய மைத்துனனுக்கு வயது இருபத்து நாலு. இருபது வருஷமாக அடுப்படியை ஒட்டியே இலை போட்டுச் சாப்பிட்டு வருகிறவன். அதைவிட அனுபவம் உண்டா!

வடிவாம்பாள் போய் நின்றாள். பூபதி அவள் தலையைத்தான் பார்த்தார்.

"இது தர்மச் சோறு போடுற இடமில்லம்மா."

"சாப்பிட வரலைங்க. சமைக்க வந்திருக்கேன்."

"இந்த வயசுலயா? போய் ராமா கிருஷ்ணான்னு இரும்மா."

"ராமா கிருஷ்ணான்னா உலை கொதிக்குமாங்க?"

காவலர்கள் அவளை வெளியே தள்ளினார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

மறுநாள் ராஜா முற்றத்தில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தபோது, வடிவாம்பாள் ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மகாராஜா, நீங்க கேட்ட ஆளைக் கூட்டியாந்திருக்கேன். வயசு இருபத்து நாலு. சத்திரத்து அடுப்படிக்கு இருபத்தோரு வருஷம் விறகு சுமந்திருக்கு. உடம்புக்கு முடியலைன்னு ஒரு நாள் படுத்ததில்ல."

பூபதி துள்ளி எழுந்தார். "திமிரைப் பாருங்கள் மகாராஜா! கழுதை சமைக்குமா?"

"சமைக்கத் தெரியணும்னு தண்டோராவுல எங்கங்க சொன்னீங்க?"

ராஜாவின் மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று வடிவாம்பாளுக்குப் புரியவில்லை.

அந்த வேலைக்கென்று பூபதி பக்கத்தில் நிறுத்தியிருந்த தம் மைத்துனனை ராஜா கூப்பிட்டார். "சோறு பதமாக வெந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வாய்?"

"இலையில் போட்டதும் தெரிந்துவிடும், மகாராஜா!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வடிவாம்பாளுக்குத் தைரியம் வந்தது. "அரிசி பழசா வேணும், புளி பழசா வேணும்னு தேடித் தேடி வாங்குறீங்க. ஆக்குறவ மட்டும் நேத்துப் பொறந்தவளா இருக்கணுமாங்க?"

"பேச்சு போதும், அடுப்பை மூட்டு" என்றார் ராஜா. மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வேலை அவளுக்குத்தான் என்று சொன்னார். "வேறு என்ன வேண்டும், கேள்!"

"சத்திரத்துல என்கூட வேலை பார்த்த பதினேழு பேர் வாசல்ல நிக்கிறாங்க. எல்லாரும் தலையைப் பார்த்து விரட்டப்பட்டவங்க. அவங்க கையைப் பார்க்கச் சொல்லுங்க, மகாராஜா."

சத்திரத்தை மூடியது தாம்தான் என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

"பூபதி! வாசலில் போய் நில்லும். வயதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. என்ன தெரியும் என்று மட்டும் கேளும்."

வரிசையில் முதல் ஆள், பந்தி பரிமாறும் குப்பம்மாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் பூபதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பந்தியில இருநூறு பேருக்கும் முகம் பார்த்துப் பரிமாறத் தெரியும். ஐயாவுக்கு என்ன தெரியும்?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள். பூபதி யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்குள் பதினேழு பேரும் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள்.