வலப்பக்கத் திரை

முதலில் துரோகம் செய்தவன் சகலை தெய்வநாயகம்தான்.

மாடியிலிருந்து இறங்கி வந்த டீச்சரிடம் பரிபூரணம் அதைத்தான் சொன்னார். தினமும் அதைத்தான் சொல்வார்.

போஸ்டர் வடிவமைப்பது பரிபூரணத்தின் தொழில். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தவர், மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய மெஹருன்னிசா டீச்சர். வயதில் ரொம்பச் சிறியவர். ஆனாலும் குரு.

“இன்னிக்கும் காணோம் டீச்சர். புரோகிராம் திறக்குது. கீழே பட்டையில பேர் தெரியுது. விண்டோ மட்டும் வரல.”

வாசலில் சாவு வீட்டுக்காரர் நின்றார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் போஸ்டர் சுவரில் ஏற வேண்டும்.

“நேத்து மூடுறப்ப எங்க இருந்துச்சு அண்ணாச்சி?”

“எனக்கென்ன தெரியும்?”

“அதுக்குத் தெரியும். கடைசியா விட்ட இடத்துலதான் வந்து நிக்கும்.”

டீச்சர் ஏதோ பொத்தான்களைத் தட்டினார். வலப்பக்கத்து வெறுமையிலிருந்து விண்டோ திரைக்குள் வந்தது.

“அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க.”

“இந்த வித்தை உங்களுக்கு வேண்டாம். வேலையைப் பாருங்க.”

படம் வைத்தார். மாலை போட்டார். அச்சடித்துக் கொடுத்தார். சாவு வீட்டுக்காரர் சுருளை வாங்கிக்கொண்டு ஓடினார்.

பிறகு பரிபூரணத்தின் கை விண்டோவைப் பிடித்து வலப்பக்கம் தள்ளியது. திரையின் ஓரத்தைத் தாண்டி அது மறைந்தது. கீழே பட்டையில் இருந்த பெயரை அழுத்தி மூடினார்.

முடிந்த வேலையை, கூட்டாளியாக வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சகலையின் திரைக்குத் தள்ளிவிடுவது பல வருடப் பழக்கம். சரிபார்த்து மூடுவது அவன் பொறுப்பு.

“பார்த்தீங்களா?” என்றார் டீச்சர்.

“எதை?”

டீச்சர் மேஜையைக் காட்டினார்.

மேஜை முழுக்க அடைசல். கூட்டை முறித்துச் சகலை தூக்கிக்கொண்டு போன திரை இருந்த இடத்தில் மட்டும் ஒரு குண்டூசி கிடையாது. கம்ப்யூட்டரில் செருகிய அதன் வயர், மறுமுனையில் எதுவும் இல்லாமல் அங்கே கிடந்தது.

“இந்த வயர் செருகியிருக்கிற வரைக்கும், அங்க ஒரு திரை இருக்குன்னு இந்தக் கம்ப்யூட்டர் நம்பிட்டே இருக்கும்.”

பரிபூரணம் தன் கையைப் பார்த்தார்.

“பிடுங்கிடவா அண்ணாச்சி? வகுப்பை மூடியாச்சு. நாளைக்கு நான் மதுரைக்குப் போறேன். விண்டோவை இழுத்துக் குடுக்க ஆள் இருக்காது.”

தெருவில் சாவு வீட்டுக்குப் போகும் பறைச்சத்தம் கேட்டது. அது தெருமுனை திரும்பியதும் அவர் சொன்னார்.

“எடுத்துட்டுப் போனவன் வந்து வைக்கணும் டீச்சர். வெச்சுட்டு, தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது எனக்கு வர வேண்டியது.”

“வரலைன்னா?”

பரிபூரணம் குனிந்தார். வயரை இன்னும் அழுத்திச் செருகினார்.

புரோகிராமைத் திறந்தார்.

கீழே பட்டையில் பெயர் மட்டும் வந்தது.