மிச்சமான ஒச்சப்பன்

மட்டிப்பட்டி ஆட்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. செலவழிக்க மனசு வராது, அவ்வளவுதான்.

பக்கத்து ஊர்ப் பண்ணையார் வீட்டுக் கல்யாணம். வீட்டுக்குக் காவலாகப் பெண்டுகளை விட்டுவிட்டு மட்டிப்பட்டி ஆம்பளைகள் மொத்தப் பேரும் கிளம்பிப் போனார்கள். பண்ணையார் சொன்னார்: "எல்லா வரிசையும் சமமா இருக்கணும். ஒருத்தர்கூட மிச்சமாகக் கூடாது. தனி இலையும் ஆகாது. அப்புறம்தான் பரிமாறுவோம்."

கடைசியில் நின்றவன் ஒச்சப்பன். விருந்தை நம்பி முந்தின நாளே வயிற்றைக் காயப்போட்டிருந்தான் பாவி. நெய் வாசம் வேறு ஆளைக் கொன்றது.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒச்சப்பன் மிச்சம். எழுந்து மும்மூன்றாக உட்கார்ந்தார்கள். அதிலும் அவன்தான். நாலு, ஐந்து என்று பத்து வரைக்கும் போய்ப் பார்த்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் அவன் ஒருத்தன் தனியே நின்றான். பதினொன்றில் இரண்டு பேர் மிச்சமானார்கள். துணைக்கு ஆள் கிடைத்ததில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல். பன்னிரண்டில் அந்தத் துணையும் போய்விட்டது.

"உங்க மேல தப்பில்லண்ணே," என்றான் ஒச்சப்பன். "எட்டுப் பிள்ளை போதும்னு எங்காத்தா முடிவு பண்ணினப்புறம் பொறந்தவன் நான். அப்பவே மிச்சந்தான்."

நாட்டாமை சிட்டணன் தாடையைத் தடவினார். "இவனை ரெண்டா வெட்டினா என்ன?"

"வெட்டினா ரெண்டு பேர் மிச்சமாயிருவாங்களே," என்றார் பூசாரி கருத்தக்கண்ணு.

நியாயம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நல்லவேளை, பூசாரிக்குக் கணக்குத் தெரிகிறது என்று ஒச்சப்பனும் நினைத்துக்கொண்டான்.

பெண் வீட்டுக் கணக்கு வாத்தியார் பொறுக்கமாட்டாமல் வந்து தலைகளை எண்ணினார். "ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபத்தொண்ணு. இது பகா எண்ணுய்யா. ஒண்ணால வகுபடும், இல்லேன்னா அதாலேயே வகுபடும். வேற எதுக்கும் மசியாது. பேசாம உக்காந்து தின்னுங்க."

"ஒண்ணொண்ணா உக்காந்தா தனி இலையாயிரும்," என்றார் நாட்டாமை. "அப்ப அதாலேயே வகுத்திருவோம். அத்தனை பேரும் ஒரே வரிசை."

வரிசை பந்தலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, வரப்போடு வளைந்து போனது. ஒச்சப்பன் இடம் தேடி நடந்து நடந்து, கடைசியில் இலையைப் போட்டு உட்கார்ந்தது மட்டிப்பட்டியில், அவன் வீட்டு வாசலில். மிச்சமாகாமல் உட்கார்ந்துவிட்டோம் என்று அவனுக்குக் கண் கலங்கியது.

சோறு மட்டும் அதுவரைக்கும் வந்து சேரவில்லை. பெண்டாட்டி பேச்சி எட்டிப் பார்த்தாள். "கல்யாணத்துக்குப் போன மனுசன் வாசல்ல இலை போட்டு என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாத தாயி. பந்தியில உக்காந்திருக்கேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, பழைய சோற்றையும் சுண்டவைத்த குழம்பையும் கொண்டுவந்து இலையில் கொட்டினாள். ஒச்சப்பன் வழித்துச் சாப்பிட்டான். "பண்ணையார் வீட்டுச் சமையல்னா சும்மாவா?" என்று ஏப்பம் விட்டான்.

"சரி, கையக் கழுவிட்டு உள்ள வந்து படுங்க."

"அதெப்படி? என் பெண்டாட்டி வீட்ல காத்துக்கிட்டிருப்பா," என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டவன், மற்றவர்களோடு சேர்ந்து ஊர் திரும்புவதற்காகப் பண்ணையார் ஊரைப் பார்த்து வேகமாக நடந்தான்.