பேஷ்காரின் தலையும் ஓரத்து நட்சத்திரங்களும்

நல்லமங்கலம் சமஸ்தானத்து ராஜாவுக்கு வேட்டையில் ஆசையில்லை. வானத்தைப் படம் பிடிப்பதில்தான் பித்து. வானத்தின் பெரிய துண்டு ஒன்று ஒரே படத்தில் விழவேண்டும் என்று சீமையிலிருந்து அகலமான குழியாடி ஒன்றைத் தருவித்தார். அதை வைத்துக் கேமரா கட்டிக் கொடுத்தவர் அரண்மனைக் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்ட தாண்டவராயர்.

முதல் படம் வந்தது. நடுவிலிருந்த நட்சத்திரங்கள் ஊசிமுனையாக இருந்தன. ஓரத்தில் இருந்தவையோ ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போயிருந்தன.

சமஸ்தான அதிகாரியான பேஷ்கார் சிவசிதம்பரத்துக்குக் கொண்டாட்டம். தாண்டவராயர் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு வெகுநாள் ஆசை.

"இவர் இதைச் சரிசெய்துவிட்டால் என் தலையையே தருகிறேன், மகாராஜா."

ராஜா தாண்டவராயரைப் பார்த்தார். "பத்து நாள் தருகிறேன். ஓரத்து நட்சத்திரமும் புள்ளியாக விழவேண்டும். ஆடியில் கைவைக்கக்கூடாது. முடியாவிட்டால் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்."

பதினெட்டு வருஷத்து வேலை. தாண்டவராயர் ஒரு துண்டுக் காகிதத்தை ஆடிக்கு எதிரே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நடு வெளிச்சம் ஆடிக்குக் கிட்டத்தில் குவிந்தது. ஓரத்து வெளிச்சம் சற்றுத் தள்ளிக் குவிந்தது. ஆடியில் குற்றமில்லை, தட்டையான பிலிமில்தான் குற்றம். அது நடுவில் மேடாக, ஓரங்களில் சரிந்து இருக்கவேண்டும்.

நேரே தலைப்பாகை அறைக்குப் போனார். ராஜாவுக்கும் ஒவ்வொரு அதிகாரிக்கும் அவரவர் தலையளவில் மரத்தலை செய்து, அதன்மேல் தலைப்பாகை கட்டிவைப்பது அங்கே வழக்கம்.

பத்தாம் நாள் ராஜா பூதக்கண்ணாடியோடு படத்தின் நாலு மூலையையும் துழாவினார். எல்லாம் புள்ளி.

"சபாஷ். வாக்கு வாக்குதான். பேஷ்கார் தலை உமக்கு. எப்போது எடுத்துக்கொள்கிறீர்?"

பேஷ்காரின் முகம் வெளுத்தது.

"எடுத்து ஒன்பது நாளாகிறது, மகாராஜா." தாண்டவராயர் கேமராவைத் திறந்தார். உள்ளே பேஷ்காருடைய மரத்தலையின் உச்சி மட்டும் வட்டமாக அறுத்துப் பொருத்தப்பட்டிருந்தது. அதன்மேல் பிலிம் படிந்திருந்தது.

"ஏன், என் தலை ஆகாதோ?" என்றார் ராஜா.

"தங்கள் தலையைத்தான் முதலில் வைத்துப் பார்த்தேன். நிறைய யோசிக்கிற தலை, அங்கங்கே மேடு தட்டுகிறது. இருபத்தேழு தலைகளில் ஒரு சிரமமும் படாமல் வழவழவென்று இருந்தது இது ஒன்றுதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் பூதக்கண்ணாடி கைநழுவியது. தோளிலிருந்த சால்வை தாண்டவராயருக்குப் போயிற்று.

பேஷ்கார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "நாளைக்குத் தலைப்பாகை கட்டவேண்டும். என் தலையை எப்போது திருப்பித் தருவீர்?"

"அவசரப்படாதீர், பேஷ்காரே. இன்னும் முக்கால் வானம் பாக்கியிருக்கிறது."