பார்க்காத ஷாட்

கஸ்பார் மச்சாதுக்கு எழுபத்து நாலாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் பியூலா. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் இரண்டு ஸ்நூக்கர் மேசை போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்து வந்தார்.

முதல் நாள் பியூலா கேட்டார்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"ஒரே ஒரு ஷாட்டு படிக்கணும் டீச்சர். மத்ததெல்லாம் வேண்டாம்."

"எந்த ஷாட்டு?"

கஸ்பார் மேசையில் கறுப்புப் பந்தையும் வெள்ளைப் பந்தையும் எடுத்து வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். வெள்ளையை ஒரு விரல்கடை நகர்த்தினார். எதிர்ப்பக்கத்து விளிம்பு மெத்தையைக் காட்டினார்.

"கறுப்பு எதிர்க்குஷன்ல தட்டி, குறுக்க வந்து, நடுக்குழியில விழணும். வெள்ளை மூலைக்குழி வரைக்கும் போயி, விழாம நிக்கணும்."

"யார் ஆடினது?"

"ஹெக்டர் மோர்லி."

பியூலா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அதில் தப்பும் இல்லை. மோர்லி ஒரு பட்டம்கூட வாங்காத ஆள்.

கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பந்தடிக்கும் கோலான கியூவைத் தொட்டதே கிடையாது. ஆனால் பார்த்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டினால் தூத்துக்குடியில் சிலோன் டிவி தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கிலாந்துக்காரர்கள் ஸ்நூக்கர் ஆடுவதைக் காட்டுவார்கள். கஸ்பார் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. எது பச்சை, எது பழுப்பு என்று கண்டுபிடிப்பதே ஒரு தனி ஆட்டம்.

என்ன மாதிரி ஆட்கள் அவர்கள்! ஒருவர் கியூ நுனிக்குச் சாக்பீஸ் தடவ ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நமக்குத் தாடி வளர்ந்துவிடும். இன்னொருவருக்குத் தொப்பை மேசையில் இடிக்கும். ஆனால் மூச்சைப் பிடித்துக் குனிந்துவிட்டால் பந்து விழுந்தே தீரும். மோர்லி இடதுகைக்காரர். தோற்றால் எதிராளி எழுந்திருக்குமுன் அவரே போய்க் கைகொடுப்பார். அடிக்கடி தோற்றதால் அந்தப் பழக்கம் நன்றாகவே வந்திருந்தது. கஸ்பாருக்கு அவரென்றால் உயிர்.

மனைவி பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார். கோட்டும் கழுத்தில் போ டையுமாக வந்து நின்றவர்களைப் பார்த்து, "இவனுவளுக்கு இன்னைக்கு என்ன கல்யாணமா?" என்று ஒருநாள் கேட்டார். ஆட்டத்தைப் பற்றி அவர் வாய்திறந்தது அவ்வளவுதான். கஸ்பார்தான் ஓயாமல் விளக்கிக்கொண்டிருப்பார். வெள்ளை ஏன் அங்கே போனது, அடுத்து எங்கே போகும், வெள்ளை குழியில் விழுந்தால் என்ன நஷ்டம். பிலோமி நிமிர்ந்து பார்த்ததாகக் கஸ்பாருக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்லி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். மேசையில் வெள்ளையும் கறுப்பும்தான் மிச்சம். கறுப்பைப் போடுகிறவருக்குப் பட்டம். மோர்லி குனிந்தார். படம் போய்விட்டது.

கஸ்பார் மாடிக்கு ஓடிக் கம்பத்தைத் திருகினார். கீழே ஜன்னலிலிருந்து பிலோமியின் குரல் வந்தது.

"விழுந்துட்டு! விழுந்துட்டு!"

எப்படி விழுந்தது என்று கஸ்பார் மேலிருந்து கத்திக் கேட்டார். பிலோமி ஒவ்வொன்றாகச் சொன்னார். கஸ்பார் மாடியிலேயே குதித்துக் கூத்தாடினார். இறங்கி வந்தபோது சிங்களத்தில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

பிலோமி போய் மூன்று வருஷமாகிறது.

"அவ பாத்துட்டா. நான் பாக்கல," என்றார் கஸ்பார். "போறதுக்குள்ள ஒரு தடவ கண்ணால பாத்துடணும்."

பியூலா அவர் கையில் ஒரு கியூவைக் கொடுத்தார்.

பதினொரு மாதம் போயிற்று. கறுப்பு வந்தால் வெள்ளை குழிக்குள் போகும். வெள்ளை நின்றால் கறுப்பு வராது. கஸ்பார் அசரவில்லை. தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார்.

ஒரு நாள் வந்தவர் கியூவை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை நீட்டினார்.

"மஸ்கட்டுல இருக்க மவன் தேடி அனுப்பியிருக்கான். அந்த ஆட்டந்தான். கலர்ல."

பியூலா பார்த்தார். மோர்லி குனிந்து, கறுப்பை நேரே மூலைக்குழிக்கு அடித்தார். பந்து குழியின் வாயில் இடித்து நின்றது. எதிராளி வந்து ஒரு தட்டுத் தட்டி உள்ளே போட்டார். மோர்லி போய்க் கைகொடுத்தார்.

பியூலா இன்னொரு முறை பார்த்தார்.

"நான் மாடியில கம்பத்தத் திருகினப்பவே டிவில படம் திரும்பி வந்திருக்கு," என்றார் கஸ்பார். "அவன் தோத்தத அவ பாத்திருக்கா. மனுசன் மூணு நாள் சோறு திங்க மாட்டானேன்னு அளந்து விட்டுருக்கா."

"கோவமா?"

"கோவமில்ல. பக்கத்துலயே உக்காந்திருப்பா டீச்சர். நான் பேசிக்கிட்டே கிடப்பேன். அந்த ஒரு ஷாட்டையாவது அவ பாத்தான்னு இத்தன வருசமும் நெனச்சிருந்தேன். அதுவும் இல்லேன்னா, நான் சுவத்தோட பேசிக்கிட்டுத்தான இருந்திருக்கேன்? அவ என்னைக்காவது ஆட்டத்தப் பாத்தாளா?"

பியூலா எழுந்து மேசையைத் துடைத்தார். செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் தெரிந்த அதே இடத்தில் கறுப்பை வைத்தார். அதே இடத்தில் வெள்ளையை வைத்தார்.

"அவங்க சொன்னத அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி."

"அதான் பொய்யின்னு ஆயிட்டே."

"சொல்லுங்க."

கஸ்பார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எதிர்க்குஷன்ல தட்டி, குறுக்க வந்து, நடுக்குழியில விழுந்துட்டு. வெள்ளை மூலை வரைக்கும் போயி நின்னுட்டு. நல்லவேளை உள்ள போகல."

"அவ்வளவுதானா?"

"பையத்தான் அடிச்சான்னு சொன்னா. வேகமா அடிச்சிருந்தா வெள்ளையும் உள்ள போயிருக்கும்னு சொன்னா."

"இத்தன நாளா இத நீங்க சொல்லலையே."

"அது ஷாட்டுல சேத்தின்னு எனக்குத் தோணல."

பியூலா குனிந்தார். பைய அடித்தார்.

கறுப்பு எதிர்க்குஷனில் தட்டியது. குறுக்கே வந்தது. நடுக்குழிக்குள் விழுந்தது. வெள்ளை மேசையின் நீளத்துக்கும் உருண்டு, மூலைக்குழிக்கு அரை சாண் இருக்கும்போது நின்றது.

கஸ்பார் எழுந்து வந்தார். வெள்ளையைத் தொடாமல் அதன் பக்கத்தில் நின்றார். அவருடைய கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அவங்க கியூ பிடிச்சிருக்காங்களா?" என்று பியூலா கேட்டார்.

"தொட்டதே இல்ல."

"வேற யாராவது ஆட்டத்தப் பத்திச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களா?"

"அவளுக்கு யாரு சொல்லுவா? நான் பேசினதுதான்."

பியூலா கியூவைச் சுவரில் சாய்த்தார்.

"இந்த வெள்ளை எங்க ஓடும்னு எனக்குப் பிடிபட ஆறு வருஷம் ஆச்சு. இத யோசிச்சுச் சொல்ல அவங்களுக்கு டிவியில இருந்து ஜன்னலுக்கு வர்ற நேரந்தான் இருந்திருக்கு, அண்ணாச்சி."